காரியஸ்தருக்கு வைத்த கருப்பு சூப்

போலந்தில் மொக்ரா வோலாப் பக்கம் போய், ஓவியர் அம்ப்ரோஜி கொலேந்தாவின் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. காரியஸ்தர் கொலேந்தா என்றால் உடனே கை காட்டுவார்கள். கூடவே, "மழையில நின்னுக்கிட்டு மழையையே படம் போடுவாரே, அவரத்தானே கேக்குறீங்க?" என்றும் சொல்வார்கள். அவரைத்தான்.

ஈரத்தை வரைவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வண்டித் தடத்தில் தேங்கிய தண்ணீர், அதில் தெரியும் சாம்பல் நிற வானம், உழுது போட்ட கறுப்பு மண், அக்டோபர் மாதத்து மூடுபனி, இதையெல்லாம் அவர் வரைந்தால் பார்க்கிறவனுக்குத் தும்மல் வரும். ஆனால் கால் உள்ள எதுவும் அவர் கைக்குப் படியவில்லை. குதிரை வரைந்தால் முக்காலியாக வரும். பசு வரைந்தால், யாரோ நனையட்டும் என்று வெளியே போட்டுவிட்டுப் போன அலமாரி போல நிற்கும். மனிதர்களை முயன்று பார்க்கவே அவருக்குப் பயம்.

இளவயதில் மியூனிக் போய்ப் படித்தார். அந்த நாளில் போலந்துக்காரன் போட்ட படம் என்றால் அங்கே நல்ல கிராக்கி. ஆனால் படத்தில் பனி இருக்கவேண்டும், பனியில் சறுக்குவண்டி போகவேண்டும், வண்டியை ஓநாய்கள் துரத்தவேண்டும். வியாபாரி ஒருவர் அம்ப்ரோஜியின் அறைக்கு வந்து, பனி பெய்த வயல் ஒன்றைத் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"பிரமாதம். ஓநாய் எங்க?"

"போயிடுச்சு" என்றார் அம்ப்ரோஜி.

"வண்டி?"

"அது அதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

வியாபாரியும் போய்விட்டார். அம்ப்ரோஜி விற்காத படங்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்.

மொக்ரா வோலாப் பண்ணையின் சொந்தக்காரர் செராஃபின் ஐயாவுக்கு ஒரு குறை உண்டு. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் 'முடியாது' என்ற சொல் வராது. பக்கத்துப் பண்ணைக்காரர் வேலிக்கு நாலு கருவாலி மரம் கேட்டார். இப்போது அந்த இடத்தில் காடு இல்லை. பாதிரியார் ஒரு நாள் சவாரிக்குக் குதிரை கேட்டார். அது இன்றும் பாதிரியார் லாயத்தில் கொழுத்துக்கொண்டிருக்கிறது. அம்ப்ரோஜி வந்து, குளக்கரையில் ஒரு வாரம் நின்று படம் போடலாமா என்று கேட்டார். ஒரு வாரம் கழிந்ததும், மழை இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, ஒரு மாதம் இருக்கலாமா என்றார். அந்த மாதத்தில் பழைய காரியஸ்தர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய அறை காலியாக இருக்கிறதே, அதில் கேன்வாஸ் காயப் போடலாமா என்று அம்ப்ரோஜி கேட்டார். அந்த அறையில் இருப்பவர்தான் காரியஸ்தர் என்பது பண்ணை வழக்கம். மறுநாள் காலை கங்காணி காவெல் கதவைத் தட்டி, "கோதுமை விதைக்கிறதா, வேண்டாமா?" என்று கேட்டான்.

அம்ப்ரோஜி வெளியே வந்து வயலைப் பார்த்தார். "இந்தப் பழுப்பு இன்னும் ரொம்பக் குளிர்ந்த பழுப்பு. கொஞ்சம் சூடாகட்டும், அப்புறம் விதைக்கலாம்."

காவெல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். ஆனால் விளைச்சல் ஒன்றும் மோசமாக இல்லை. ஈரம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும், வாய்க்கால், வடிகால், உருளைக்கிழங்கு அழுகுமா அழுகாதா, புது காரியஸ்தர் சொன்னது பலித்தது. கால் உள்ளவை சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் காவெல்தான் அவரைக் காப்பாற்றினான். வைக்கோல் போரைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளிப் போடச் சொன்னால் மட்டும் அவனுக்கு ஆத்திரம் வரும். "ஏன் சாமி, மாடு வலதுபக்கம் நின்னா திங்காதா?"

அந்தப் பண்ணையில் அவரை உட்காரவைத்தது வேலை இல்லை. செராஃபின் ஐயாவின் மகள் சலோமேயா. அம்மா இல்லாத வீட்டை அவள்தான் நடத்தினாள். முப்பதைத் தொட்டவள், சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெண்ணெய் கடைகிறவள், நாக்கு மட்டும் கத்தி. அம்ப்ரோஜியின் புதுப் படத்தைப் பார்க்க வந்தால் முதலில் கேன்வாஸுக்குப் பின்னால் போய்ப் பார்ப்பாள்.

"என்ன தேடுறீங்க?" என்பார் அவர்.

"ஜனங்கள. முன்னாடி ஒருத்தரும் இல்லையே, பின்னாடி ஒளிஞ்சிருக்காங்களோன்னு பாத்தேன். ஒரு ஈ கூட இல்லையே அம்ப்ரோஜி ஐயா, கொள்ளைநோயா வந்துச்சு?"

இப்படி ஒருத்தி தினமும் திட்டினால் ஒரு மனிதன் என்ன செய்வான்? மூன்றாம் வருஷம் இலையுதிர் காலத்தில், பெண் கேட்பது என்று முடிவு செய்தார். அதற்கு முன் ஒரு வாரம் தூக்கம் இல்லை. கால் உள்ள எதுவும் தனக்குச் சரிவராதே, கல்யாணம் மட்டும் எப்படி வரும் என்ற கவலை.

இந்தப் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவனிடம் முடியாது என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, வாத்து ரத்தத்தில் வினிகர் விட்டுக் காய்ச்சிய கருப்பு சூப்பை அவன் முன்னால் வைப்பார்கள். அவன் குடிப்பான், நன்றி சொல்வான், குதிரையைப் பூட்டச் சொல்லிப் புறப்படுவான். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. செராஃபின் ஐயா மாதிரி ஆளுக்கு இது கடவுளாகப் பார்த்துச் செய்து கொடுத்த ஏற்பாடு. சலோமேயாவைக் கேட்டு வந்தவர்கள் பலரை அவர் ஒரு சொல்கூடப் பேசாமல் அனுப்பிவைத்தது இப்படித்தான்.

குறித்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், சமையல்காரி பெத்ரொனேலா காரியஸ்தர் அறைக்கு வந்தாள். வாத்துக் கொட்டகைச் சாவி அவரிடம்தான் இருந்தது.

"ஒரு வாத்து வேணும். நாளைக்குக் கருப்பு சூப்பு."

அம்ப்ரோஜிக்கு நெஞ்சு குளிர்ந்தது. சாராய ஆலைக்காரர் ஃபுல்கென்தியும் அதே ஞாயிறு சாயங்காலம் பெண் கேட்டு வருவதாகப் பண்ணை முழுக்கப் பேச்சு. பாவம், ஃபுல்கென்தி! நல்ல மனுஷன். அம்ப்ரோஜி தானே கொட்டகைக்குள் இறங்கி, இருப்பதிலேயே கொழுத்த வாத்தாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார்.

"இது போதுமா? இன்னொண்ணு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. வர்றவர் நல்லா சாப்பிடுறவரு."

பெத்ரொனேலா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒண்ணு போதும்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு மதியம் ஒரு சிக்கல் வந்தது. பெண் கேட்கிறவன் வண்டியில் வந்து இறங்கவேண்டும், அதுதான் மரியாதை. காரியஸ்தர் அறை பெரிய வீட்டின் கொல்லையிலேயே இருந்தது. அதனால் பண்ணைக் குதிரையையே பண்ணை வண்டியில் பூட்டி, பின்வாசல் வழியாக வெளியேறி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். பேச்சு நடத்த ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு காவெல். அவன் கையில் வோட்கா பாட்டில். வண்டி ஓட்டியதும் அவன்தான். வாசலில் இறங்கியதும் சாட்டையை வைத்துவிட்டுச் சம்பந்தம் பேசுகிறவனாக மாறிக்கொண்டான்.

"எங்கிருந்து வர்றீங்க?" என்று செராஃபின் ஐயா வழக்கப்படி கேட்டார்.

"ரொம்ப தூரத்துலேருந்துங்க எசமான்" என்றான் காவெல், அதுவும் வழக்கப்படி. "ரோடு மோசம்."

உட்கார்ந்தார்கள். காவெலுக்குச் சிவப்பு பீட்ரூட் சூப் வந்தது. செராஃபின் ஐயாவுக்கும் சிவப்பு. அம்ப்ரோஜி முன்னால் வைத்த கிண்ணம் கருப்பு.

ஒரு நிமிஷம் அவர் அதையே பார்த்தார். கிண்ணம் மாறிவிட்டது என்று பெத்ரொனேலாவிடம் சொல்லலாமா என்று நினைத்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். செராஃபின் ஐயா உப்புக் கிண்ணத்தோடு பேசிக்கொண்டிருந்தார். காவெல் பாட்டிலை மெல்ல மேஜைக்கு அடியில் இறக்கினான்.

அம்ப்ரோஜி குடித்தார். அவ்வளவு ருசியாக இருந்ததுதான் கொடுமை. தானே பார்த்துப் பிடித்த வாத்து.

நன்றி சொல்லி எழுந்து, குதிரையைப் பூட்டச் சொல்லி, முன்வாசல் வழியாக வெளியேறி, மழையில் ஊரைச் சுற்றி, பின்வாசல் வழியாகத் தன் அறைக்கு வந்து சேர்ந்தார். சாயங்காலம் ஃபுல்கென்தி வரவே இல்லை, அது வெறும் பேச்சு. மறுநாள் காலை உருளைக்கிழங்கு விஷயமாகப் பெரிய வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. அவரும் செராஃபின் ஐயாவும் உருளைக்கிழங்கைப் பற்றி மட்டும் பேசினார்கள். அவ்வளவு நேரம் உருளைக்கிழங்கைப் பற்றி இதற்கு முன் யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.

வெளியே வரும்போது பால் அறை வாசலில் சலோமேயா நின்றிருந்தாள்.

"ஏன் குடிச்சீங்க?"

"வச்சாங்க, குடிச்சேன்."

"சொட்டு விடாம வழிச்சுக் குடிச்சீங்களாம். பெத்ரொனேலாவுக்கு ஒரே பெருமை."

"உங்க அப்பாவுக்கு என் மேல என்ன கோபம்? விளைச்சல் சரியில்லையா?"

சலோமேயா பால் குடத்தைக் கீழே வைத்தாள். "போன வருஷம் எங்க வீட்ட படம் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அந்த வாரம் முழுக்க அப்பா வாசல் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. நல்ல கோட்டு, வெள்ளிப் பொத்தான், மீசைக்கு மெழுகு. குளிருல மூக்கு ஒழுகுது, உள்ள வான்னா வரமாட்டேங்குறாரு. கடைசியில படத்தப் பாத்தா பெஞ்சு இருக்கு. அப்பாவக் காணோம்."

ஐயா அங்கே உட்கார்ந்திருந்தது அம்ப்ரோஜிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எழுந்து போகட்டும் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தார். கடைசியில் பொறுமை போய், அவர் பின்னால் இருந்த சுவரைக் குத்துமதிப்பாக வரைந்து முடித்தார்.

"'இவன் படம் போட்ட இடத்துல ஆளே மிஞ்சாது, என் பொண்ணையும் இப்படித்தான் காணாமப் போக்கிடுவான்'னு சொல்றாரு" என்றாள் சலோமேயா. "அது ஒரு பக்கம். ரெண்டாந்தடவை கேக்கக்கூடாதுன்னு எந்த ஊர்லயும் சட்டம் இல்ல. எங்க அப்பாவுக்கு முடியாதுன்னு சொல்ற வாய் கிடையாது. அவருக்கு வாத்துதான் வாய். அப்புறம் உங்க சமத்து." குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்ப்ரோஜி முதலில் நேர்மையான வழியில் முயன்றார். படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவந்து, அந்தப் பெஞ்சில் செராஃபின் ஐயாவை வரைந்தார். மூன்று தடவை சுரண்டி எடுத்து, நான்காம் தடவை வந்ததை காவெலிடம் காட்டினார்.

காவெல் பக்கத்தில் போய்ப் பார்த்தான், தள்ளி நின்று பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. பால் குடத்த ஏன் பெஞ்சு மேல வச்சிருக்கீங்க?"

"அது எசமான்."

"ஐயோ" என்றான் காவெல். "காட்டிப்புடாதீங்க."

அதையும் சுரண்டியாயிற்று. பெஞ்சு மறுபடி காலி. அந்தக் காலிப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சலோமேயா சொன்னதன் பாதி அவருக்குப் புரிந்தது. அவருக்கு வாத்துதான் வாய். பண்ணையில் இருந்து எதையாவது காணாமல் போகச் செய்வதில் அவரைவிடக் கெட்டிக்காரர் யார்?

அது குளம் வடிக்கிற பருவம். தண்ணீரை இறக்கிவிட்டுக் கெண்டை மீனை அள்ளுவார்கள். அம்ப்ரோஜி பெரிய வீட்டுக்குப் போனார்.

"ஐயா, குளத்தை வடிச்சிட்டா வாத்துக்கு இடம் இல்ல. சேத்துல எறங்கி மீன் குஞ்சையும் தின்னுடும். எல்லாத்தையும் சந்தைல வித்துடலாமா?"

செராஃபின் ஐயாவுக்கு எல்லாம் புரிந்தது. அவர் முகத்தில் அது தெரிந்தது. கழுத்து சிவந்தது, மீசை துடித்தது, வாய் திறந்தது. ஆனால் கேட்டது ஒரு கேள்வி. கேட்டால் அவர் என்ன செய்வார்?

"…வித்துடுங்க" என்றார் ஐயா, பல் வலிக்காரர் குரலில்.

"துணைக்கு வாத்து இல்லாம தனியா நிக்கப்போற அந்தப் பெரிய வாத்தையும் சேத்து அனுப்பிடலாமா?"

"அனுப்புங்க."

"பன்னி அடிக்கிறத கிறிஸ்துமஸுக்குத் தள்ளி வச்சுக்கலாமா?"

ஐயா தலையை மட்டும் ஆட்டினார். முயல் பிடிக்கும் நாய்களைக் கட்டிப்போடச் சொல்லி காவெலுக்கு உத்தரவு போனது. அந்த வாரக் கடைசியில் மொக்ரா வோலாவில் சூப்புக்கு ரத்தம் கிடைக்க ஒரு வழிகூட இல்லை, சேவலைத் தவிர. சேவல் ரத்தம் வெளுப்பு, அதற்கு ஆகாது என்று பெத்ரொனேலாவே சொன்னாள்.

சந்தை வண்டி போன மறுநாள் சலோமேயா காரியஸ்தர் அறைக் கதவைத் தட்டவில்லை, உதைத்தாள்.

"எல்லா வாத்தையும் வித்தீங்களா?"

"ஆமா. நீங்கதானே சொன்னீங்க…"

"ரத்தத்துக்கு வாத்த விக்கச் சொன்னா, இறகோட விப்பாங்களா? கல்யாண மெத்தைக்கு, தலகாணிக்கு, குளிர்காலம் பூரா பொம்பளைங்க உக்காந்து இறகு உரிக்கணும். எத உரிக்கிறது? உங்க மூடுபனியவா? நாம எதுல படுக்குறது?"

அம்ப்ரோஜி கையில் இருந்த தூரிகை கீழே விழுந்தது. "நாமன்னா… நீங்களும் நானுமா?"

"இல்ல, காவெலும் பெத்ரொனேலாவும்" என்றாள் அவள். காதுமடல் வரை சிவந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை வாங்க. நல்ல கோட்டு போட்டுக்கிட்டு வாங்க, அந்தப் பச்சை சாயம் பட்டது வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பின்வாசல், மறுபடி ஊரைச் சுற்றி, மறுபடி முன்வாசல். மழையில் சகதி அச்சு வரை ஏறியிருந்தது. செராஃபின் ஐயா எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்க, காவெல் ரொம்ப தூரம் என்று சொல்ல, இந்தத் தடவை அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. உட்கார்ந்தார்கள். சலோமேயா கணப்பு அருகே நின்று, தேவையே இல்லாமல் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெத்ரொனேலா வந்தாள். காவெலுக்குச் சிவப்பு. ஐயாவுக்குச் சிவப்பு. அம்ப்ரோஜிக்குக் கருப்பு.

காவெல் "இயேசுவே" என்றான். சலோமேயா துடைத்துக்கொண்டிருந்த தட்டு நின்றது. எங்கிருந்து வாத்து? பாதிரியார் வீட்டிலிருந்தா? ஃபுல்கென்தி அனுப்பினாரா? அம்ப்ரோஜி கரண்டியை எடுத்தார். குடிக்கத்தான் போனார். ஆனால் அவர் கண் வாய்க்கு முன்னால் வேலை செய்யும் கண். கரண்டி சாய்ந்ததும் ஜன்னல் வெளிச்சம் அதன் விளிம்பில் பட்டது.

கரண்டியைக் கீழே வைத்தார். கிண்ணத்தைத் தூக்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

"என்ன, ஈ கிடக்கா?" என்று காவெல் மெல்லக் கேட்டான்.

"இது வாத்து இல்ல" என்றார் அம்ப்ரோஜி. அவருடைய குரலை அந்த வீட்டில் அவ்வளவு உரக்க யாரும் கேட்டதில்லை. "ரத்தம்னா ஓரத்துல பழுப்பு தெரியும், மழை விட்ட மறுநாள் உழவு மண்ணு மாதிரி. இது ஓரத்துல ரோஸா இருக்கு. இது பீட்ரூட். மேல இருக்குற கருப்பு, கருக வறுத்த மாவு. நடுவுல ஒரு ஊதா வருது பாருங்க, அது காஞ்ச பிளம்ஸ் பழம். பெத்ரொனேலா அம்மா, பிளம்ஸ்தானே?" கிண்ணத்தைத் திரும்ப மேஜையில் வைத்தார்.

பெத்ரொனேலா கரண்டியை மேஜையில் ஓங்கி வைத்தாள். "நான் சொன்னேன்! எசமான்கிட்ட நேத்தே சொன்னேன், காரியஸ்தர் கண்ணு சும்மா விடாதுன்னு. 'எப்படியாவது கருப்பாக்கு பெத்ரொனேலா'ன்னு என் காலப் பிடிக்காத குறை. முப்பது வருஷம் சமைச்ச கை, மாவக் கருக்கிட்டு நிக்குது. இதவிட ஒரு அவமானம் எனக்கு வேணுமா?"

"பீட்ரூட் வச்சு அனுப்பினா அது அனுப்பினதா ஆகாதுங்க எசமான்" என்றான் காவெல், சம்பந்தம் பேசுகிறவனுடைய கௌரவத்தோடு. "அது வெறும் சாப்பாடு."

எல்லாரும் செராஃபின் ஐயாவைப் பார்த்தார்கள்.

ஐயா எழுந்து நின்றார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் என்ன சொல்ல வர்றேன்னா…" என்று தொடங்கினார். மேஜை காத்திருந்தது. கணப்பில் ஒரு கட்டை வெடித்தது. "வந்து… அம்ப்ரோஜி… விஷயம் என்னன்னா…"

"சொல்லுங்க அப்பா" என்றாள் சலோமேயா, சாந்தமாக. "முடியாதுன்னு ஒரு வார்த்தை. நாங்க கேட்டுக்கிறோம்."

அவர் உதட்டைக் குவித்தார். அந்தச் சொல்லின் பாதி வரை வந்தார். அந்தப் பாதியிலேயே அவர் நெற்றி வியர்த்தது. பிறகு வேறு ஏதோ வெளியே வந்தது. "…என்னைய ஏன் வரையல?"

அம்ப்ரோஜிக்குப் பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. ஆனால் பயத்தில் உண்மை வந்துவிட்டது. "எனக்கு வரையத் தெரியாதுங்க ஐயா. மனுஷங்க வராது. குதிரையும் வராது. உங்கள வரைஞ்சேன், பால் குடமா வந்துட்டீங்க. சுரண்டிட்டேன்."

"நெஜமா?"

"நான் பாத்தேன் எசமான்" என்றான் காவெல். "அச்சு அசல் குடம். கைப்பிடியோட."

செராஃபின் ஐயா மெல்ல உட்கார்ந்தார். ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த ஏதோ இறங்கியது போல அவருடைய தோள்கள் தளர்ந்தன. இவன் வேண்டுமென்று விடவில்லை. பாவம், இவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அவன் ஒப்புக்கொண்டதுகூட ஒரு மாதிரி வேண்டுகோள் போலவே அவருக்குப் பட்டிருக்கவேண்டும்.

அவர் கையை நீட்டி, அம்ப்ரோஜி முன்னால் இருந்த கருப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை. ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று அடிவரை தானே குடித்தார். மேஜையில் ஒருவரும் அசையவில்லை. பெத்ரொனேலா மட்டும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஐயா மீசையைத் துடைத்தார். "உப்பு பத்தல" என்றார்.

காவெலுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வாசலில் குதிரை மழையில் நனைந்துகொண்டு நின்றது. திரும்ப ஊரைச் சுற்றும் தெம்பு குதிரைக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. மேஜைக்கு அடியில் இருந்த பாட்டிலை எடுத்து நடுவில் வைத்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"எசமான், குதிரைய அவுத்துடட்டுமா?"

சலோமேயா தட்டால் வாயை மூடிக்கொண்டாள். செராஃபின் ஐயா காவெலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கோட்டுக் கையில் பச்சைச் சாயம் பட்டிருந்த காரியஸ்தரைப் பார்த்தார்.

"அவுத்துடு" என்றார்.